மாத்திரை டிஎன்ஏவை மாற்றுகிறதா, டிஎன்ஏ மாத்திரையை மாற்றுகிறதா?

எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சில் இரண்டு முறை வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.

தூக்கம் பற்றிய எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்களில் ஒன்று மணமேல்குடியிலிருந்து. அனுப்பியவர் காலேஜ் இரண்டாம் வருஷம். அவருடைய அக்காவுக்கு டிப்ரஷன். புதுக்கோட்டையில் ஒரு டாக்டரைப் பார்த்து, தினமும் எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் எடுத்து, சில மாசத்தில் அக்கா பழையபடி சாப்பிட்டு, சிரித்து, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார். இப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சொந்தக்காரர் வந்து, "இந்த மாத்திரை டிஎன்ஏவுல போய் ஒட்டிக்கும், பொறக்கப்போற புள்ளைக்கும் போகும், கல்யாணத்துக்கு முன்னாடி நிறுத்திடுங்க"ன்னு சொல்லியிருக்கிறார். அம்மா மாத்திரை அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அண்ணா, அது நெஜமாவே டிஎன்ஏவைத் தொடுதா?" இதுதான் தம்பியோட கேள்வி.

நான் டாக்டர் கிடையாது, கோட் எழுதிப் பிழைப்பவன். அதனால் அன்றைக்கே அவருக்கு அனுப்பிய பதில் ஒரே வரிதான்: பீரோவைத் திறங்க, டாக்டருக்கு போன் போடுங்க, திடீர்னு நிறுத்தாதீங்க. ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். இப்போது அவருடைய கேள்விக்கு வருவோம். கேள்வி நல்ல கேள்வி. "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சொந்தக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

லேபில் ஒரு சோதனை உண்டு. கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டிஎன்ஏவைக் கரைசலாக்கி, அதில் ஒரு மருந்தைக் கலந்து, ஒளி எப்படி உறிஞ்சப்படுகிறது என்று அளப்பார்கள். டிப்ரஷன் மாத்திரைகள் உட்பட நிறைய மருந்துகளை இப்படிப் பார்த்திருக்கிறார்கள். இந்த மாத்திரைகள் பலவற்றின் மூலக்கூறில் ஒரு ஓரத்தில் நேர்மின் ஏற்றம் இருக்கும். டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க பாஸ்பேட், அதாவது எதிர்மின். பக்கத்தில் விட்டால் ஒட்டத்தானே செய்யும்? "மருந்து டிஎன்ஏவோடு பிணைகிறது" என்று பேப்பர் தலைப்பு வந்துவிடும். யூட்யூபில் அது "டிஎன்ஏவை மாற்றுகிறது" ஆகிவிடும்.

ஆனால் அந்த டியூபில் மூடிய அறை இல்லை, செல் சவ்வு இல்லை, உட்கரு இல்லை. டிஎன்ஏ அம்மணமாகக் கிடக்கிறது. மருந்தின் அளவும் வேற லெவல். எஸ்சிட்டலோப்ராம் எடுப்பவரின் ரத்தத்தில் மருந்து ஒரு லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான் இருக்கும். டியூபில் போடுவது அதைவிடப் பல மடங்கு. அப்படியே ஒட்டினாலும், ஒட்டுவது வேறு, எழுத்தை மாற்றுவது வேறு. நோட்டுப் புத்தகத்தின் மேல் பேனாவை வைத்தால் உள்ளே இருக்கும் கணக்கு தப்பாகிவிடுமா?

எழுத்து மாறுகிறதா என்பதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. மருந்து மார்க்கெட்டுக்கு வரும் முன் கட்டாயம் செய்ய வேண்டியவை. இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்ளுவாக்செட்டின் அந்தச் சோதனைகளில் சுத்தமாகத் தேறியது. சிட்டலோப்ராமின் அமெரிக்க லேபிளைப் படித்தால் (எஸ்சிட்டலோப்ராம் என்பது இதன் ஒரு பாதி, இடது கை வலது கை மாதிரி இரண்டு வடிவங்களில் ஒன்று) பாக்டீரியாவில் செய்யும் ஏம்ஸ் சோதனையில் ஐந்து வகை பாக்டீரியாவில் இரண்டில் பாசிட்டிவ் என்று எழுதியிருக்கும். பயமா இருக்கா? அதே பத்தியில் தொடர்ந்து படிக்கணும்: பாலூட்டி செல்களில் ஜீன் மாற்றம் பார்க்கும் சோதனையில் இல்லை, மனித வெள்ளணுக்களில் குரோமோசோம் உடைப்பு இல்லை, உயிருள்ள எலிகளில் இரண்டு முறை பார்த்தும் இல்லை. பாக்டீரியா சோதனை என்பது புகை அலாரம். தோசைக்கல் புகைந்தாலும் அடிக்கும். அதனால்தான் ஒரே சோதனையோடு விடாமல் உயிருள்ள விலங்கு வரை போகிறார்கள். எனக்கு எரிச்சலா இருக்கிறது எதுவென்றால், பயமுறுத்துகிறவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆறுதல் சொல்கிறவர்கள் முதல் வரியையே மறைத்துவிடுகிறார்கள்.

சரி, நேரடியாக எழுத்தை மாற்றவில்லை. அப்போ டிஎன்ஏவுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. அதுதான் இந்த எபிசோடின் சுவாரஸ்யமான பகுதி.

மாத்திரை போட்ட அன்றைக்கே மூளையில் என்ன நடக்கிறது? ஒரு நியூரான் செரோடோனினை வெளியே விடுகிறது, வேலை முடிந்ததும் ஒரு பம்ப் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த பம்ப் ஒரு புரதம். போர் மோட்டாரின் ஃபுட்வால்வில் துணி அடைத்த மாதிரி, மாத்திரை அதன் வாயில் போய் உட்காருகிறது. இது கற்பனைப் படம் இல்லை. 2016-ல் எரிக் கூவோவின் குழு எஸ்சிட்டலோப்ராம் அந்த பம்புக்குள் உட்கார்ந்திருக்கும் நிலையை எக்ஸ்-ரே மூலம் அணு அணுவாகக் காட்டியது. டொரோண்டோவில் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வழக்கமான குறைந்த டோஸிலேயே இந்த பம்புகளில் சுமார் 80% அடைபட்டிருந்தது.

இது நடக்கச் சில மணி நேரம் போதும். ஆனால் மனசு லேசாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. என்னை இந்தத் தலைப்புக்குள் இழுத்ததே இந்த இடைவெளிதான். பட்டனை அழுத்திய உடனே ரெஸ்பான்ஸ் வந்துவிட்டது, ஆனால் ஸ்கிரீன் மாற ஒரு மாசம் ஆகிறது என்றால், நடுவில் வேறு ஏதோ ஒன்று மெதுவாக பில்ட் ஆகிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? டிஎன்ஏ உள்ளே வருவது அந்த நடுவில்தான்.

முதல் தாமதம் ஒரு பிரேக். செரோடோனின் கூடினால், அதை வெளியே விடும் நியூரான்களே அதைக் கவனித்து வேகத்தைக் குறைக்கின்றன. அந்தக் கவனிப்பு மழுங்கவே நாள் பிடிக்கும். அதற்கப்புறம் செரோடோனின் அடுத்த செல்லின் மேல் இருக்கும் ரிசப்டர்களைத் தட்டத் தட்ட, சில ரிசப்டர்கள் உள்ளே சின்னச் சின்ன தூது மூலக்கூறுகளை உண்டாக்கும். அவை ஒரு என்சைமை எழுப்பும். அந்த என்சைம் உட்கருவில் இருக்கும் க்ரெப் என்ற புரதத்தில், அதன் 133-வது இடத்தில், ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். கவனிங்க, இந்த வழியில் மாத்திரை வேலை செய்வது பம்பில்தான். உட்கரு வரை போவது அது அனுப்பிய செய்தி.

இந்த க்ரெப் ஏற்கெனவே டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு இருக்கும் ஆள். எங்கே பிடிக்கும் என்பதுகூடத் தெரியும்: டி-ஜி-ஏ-சி-ஜி-டி-சி-ஏ. எட்டு எழுத்து. எதிர் இழையைத் திருப்பிப் படித்தாலும் அதே எட்டு எழுத்து வரும், நம்ம விகடகவி மாதிரி. முந்நூறு கோடி எழுத்து உள்ள புத்தகத்தில், மாத்திரையின் செய்தி டிஎன்ஏவைத் "தொடும்" இடங்களில் நன்றாகத் தெரிந்த ஒன்று இது. தொடுவதும் மாத்திரை அல்ல, நம்ம உடம்பின் சொந்தப் புரதம். பாஸ்பேட் ஒட்டியவுடன் க்ரெப் இன்னொரு ஆளைக் கூப்பிடும். வந்தவர் அங்கே சுற்றி இருக்கும் டிஎன்ஏவைத் தளர்த்துவார்.

தளர்த்துவது என்றால் என்ன? ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் இரண்டு மீட்டர். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவில் அடங்கியாகணும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் வலை நூலைக் கட்டையில் சுற்றி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்தது ஒரு கட்டை. அதைச் சுற்றி 147 எழுத்து டிஎன்ஏ, ஒன்றரைச் சுற்றுக்கு மேல். இறுக்கமாகச் சுற்றியிருந்தால் அந்த இடத்து ஜீனைப் படிக்க முடியாது. கட்டையின் மேல் அசெட்டைல் என்ற சின்னக் குறி ஒட்டினால் சுற்று தளரும், படிக்கும் இயந்திரம் உள்ளே நுழையும். குறியை எடுத்துவிட்டால் மறுபடி இறுகும். நூல் அதே நூல்தான், ஒரு இழைகூட மாறவில்லை. எங்க பாஷையில் சொன்னால், சோர்ஸ் கோடில் ஒரு கமிட்கூட இல்லை, எந்த ஃபீச்சர் ஆன், எந்த ஃபீச்சர் ஆஃப் என்பது மட்டும் மாறுகிறது.

அப்படி ஆன் ஆகும் ஜீன்களில் புகழ்பெற்றது 11-வது குரோமோசோமில் இருக்கும் பிடிஎன்எஃப். நியூரான்களுக்கு உரம் மாதிரியான ஒரு புரதத்தை உண்டாக்கும் ஜீன். 1995-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமனின் குழு எலிகளுக்கு டிப்ரஷன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. ஒரே ஒரு டோஸில் எதுவும் இல்லை. வாரக்கணக்கில் கொடுத்தபோது ஹிப்போகேம்பஸில் பிடிஎன்எஃப் ஜீன் படிக்கப்படுவது கூடியது. மனிதர்களுக்கு ஆகும் அதே வாரக்கணக்கு!

இதைவிட என்னை உலுக்கியது 2006-ல் எரிக் நெஸ்லரின் குழு வெளியிட்டது. ஒரு சுண்டெலியைத் தினமும் ஒரு முரட்டு எலியோடு கொஞ்ச நேரம் விட்டார்கள், பத்து நாள். அது ஒடுங்கிப் போனது, மற்ற எலிகளை நெருங்கவே பயந்தது. அதன் மூளையில் பிடிஎன்எஃப் ஜீனின் வாசலில், ஹிஸ்டோன் கட்டையின் மேல், "பூட்டு" குறிகள் ஏறியிருந்தன. வாரக்கணக்கில் கழித்துப் பார்த்தாலும் அந்தப் பூட்டு அப்படியே இருந்தது. பிறகு நாலு வாரம் இமிப்ரமின் என்ற பழைய டிப்ரஷன் மருந்து கொடுத்தார்கள். எலி மறுபடி மற்ற எலிகளிடம் போனது, ஜீன் மறுபடி படிக்கப்பட்டது. ஆனால் பூட்டுக் குறிகள் அழியவில்லை! அவை அங்கேயே இருக்க, பக்கத்தில் "திற" குறிகள் புதிதாக ஏறியிருந்தன. அனுபவம் போட்ட வடுவை மருந்து அழிக்கவில்லை, அதைச் சுற்றி ஒரு வழி திறந்தது.

சொந்தக்காரருக்கு இதைச் சொல்லணும்: டிஎன்ஏவின் மேல் முதலில் குறி போட்டது மாத்திரை இல்லை. அந்தப் பத்து நாள் அடி.

இந்தத் துறையில் நம்ம நாட்டுப் பெயர் ஒன்று உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விதிதா வைத்யா. யேலில் டூமனிடம் ஆராய்ச்சி செய்தவர். அவரும் உல்லாஸ் கொல்தூர்-சீதாராமும் சேர்ந்து 2019-ல் காட்டியது: செரோடோனின் ஒரு ரிசப்டர் வழியாக நியூரானுக்குள் சில ஜீன்-கட்டுப்பாட்டுப் புரதங்களை எழுப்பி, மைட்டோகாண்ட்ரியாக்களின் எண்ணிக்கையையே கூட்டுகிறது. செரோடோனினை "சந்தோஷ கெமிக்கல்" என்று சொல்லிச் சொல்லியே அதன் பாதி வேலையை மறந்துவிட்டோம்.

இதெல்லாம் பெரும்பாலும் எலிகளில் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவரின் ஹிப்போகேம்பஸை வெட்டிப் பார்க்க முடியாது. "செரோடோனின் குறைவதால்தான் டிப்ரஷன் வருகிறது" என்ற எளிய கதைக்கு ஆதாரம் போதாது என்று 2022-ல் ஜோன்னா மான்கிரீஃபின் குழு எழுதி பெரிய சண்டையே நடந்தது. 2021-ல் ஹெல்சின்கியில் ஈரோ கஸ்ட்ரேன் குழு, இந்த மாத்திரைகள் பிடிஎன்எஃப் வந்து உட்காரும் ரிசப்டரிலேயே நேராக ஒட்டுகின்றன என்று காட்டியது. அதாவது செரோடோனின் ஒரு வழி, ஒரே வழி இல்லை. காரணத்தைப் பற்றிய கதை மாறலாம். பம்ப் அடைபடுவதும், ஜீன் படிக்கப்படுவது மாறுவதும் அளந்து பார்த்த விஷயங்கள்.

இப்போ குழந்தைக்குப் போகுமா என்ற கேள்வி. டிஎன்ஏவின் எழுத்து மாறாதபோது, மாறிய எழுத்து என்று கொடுக்க எதுவும் இல்லை. டிப்ரஷன் குடும்பத்தில் ஓடுவது உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அதில் மரபின் பங்கு சுமார் 37% என்று 2000-ல் கணக்கிட்டார்கள். அந்த எழுத்துகள் மாத்திரை போடுவதற்கு முன்பே, பிறக்கும்போதே இருப்பவை. மாத்திரையைப் பூட்டி வைத்தாலும் அவை அங்கேதான் இருக்கும். கர்ப்ப காலத்தில் மாத்திரை எடுப்பது வேறு கேள்வி. அது கருவுக்குள் மருந்து போவது பற்றியது. எலிக்குட்டி பிறந்த முதல் சில வாரங்களில் ஃப்ளுவாக்செட்டின் கொடுத்தால், அது வளர்ந்தபின் பதற்றம் கூடுவதை வைத்யாவின் லேபும் பார்த்திருக்கிறது. பெரிய எலிக்குக் கொடுத்தால் அப்படி ஆவதில்லை. ஆகவே குழந்தை பற்றித் திட்டமிடும்போது டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். கல்யாணம் நிச்சயம் ஆனதும் பீரோவில் பூட்டுவது அதற்குப் பதில் ஆகாது.

ஏன் திடீர்னு நிறுத்தக் கூடாது என்பதும் இப்போ புரியும். எஸ்சிட்டலோப்ராம் சுமார் 30 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு வாரத்தில் உடம்பை விட்டே போய்விடும். ஆனால் வாரக்கணக்கில் தன்னை மாற்றிக்கொண்ட ரிசப்டர்களும் ஜீன்களும் அந்த வேகத்தில் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொண்டவருக்குத் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரலாம். வீட்டில் அதைப் பார்த்து "பாரு, அடிக்ட் ஆயிட்டா"ன்னு சொல்வார்கள். டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைப்பதற்குக் காரணம் இதுதான்.

தலைப்பின் இரண்டாம் பாதிக்கு வந்துவிட்டோம். டிஎன்ஏ மாத்திரையை மாற்றுவது. இது மிகைப்படுத்தல் இல்லை, தினமும் கல்லீரலில் நடப்பது.

எஸ்சிட்டலோப்ராமை உடைத்து வெளியேற்றுவதில் முக்கியப் பங்கு சிப்-2சி19 என்ற என்சைமுக்கு. அதற்கான ஜீன் 10-வது குரோமோசோமில். அந்த ஜீனின் 681-வது இடத்தில் ஜி இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே ஏ. ஒரே எழுத்து. ஆனால் அந்த எழுத்தால் செல் ஜீனைத் தப்பான இடத்தில் வெட்டி ஒட்டுகிறது, பாதியில் முடிந்துபோன என்சைம் வருகிறது, அது வேலை செய்யாது. ஒரு செமிகோலன் விட்டதற்கு மொத்த மாடியூலும் படுத்துவிட்ட மாதிரி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. இரண்டும் உடைந்திருந்தால் அவருக்கு அதே 10 மில்லிகிராமில் ரத்தத்தில் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறும்.

இது நமக்கு எவ்வளவு முக்கியம்? 2003-ல் புதுச்சேரி ஜிப்மரில் சி. ஆதித்தனும் உடன் பணியாற்றியவர்களும் தமிழர்களிடம் இந்த ஜீனைப் பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த ஒரு எழுத்து மாறிய பிரதி சுமார் 38% இருந்தது. இன்னொரு அரிய உடைந்த வகையையும் சேர்த்தால் 40%. ஐரோப்பியர்களிடம் இது சுமார் 15%. கணக்குப் போடுங்க: 40% என்றால் இரண்டு பிரதியும் உடைந்தவர் நூற்றில் 16 பேர், கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருவர். ஐரோப்பாவில் நூற்றில் இரண்டு மூன்று பேர்தான். மாத்திரை அட்டையில் அச்சடித்த டோஸ் பெரும்பாலும் அங்கே சோதித்து முடிவானது. ஐரோப்பாவில் தரும் மருந்துக் குறிப்பிலேயே, இந்த என்சைம் வேலை செய்யாதவருக்கு முதல் இரண்டு வாரம் 5 மில்லிகிராம் போதும் என்று இருக்கிறது. சிட்டலோப்ராமுக்கு, இதயத் துடிப்பின் தாளம் கெடலாம் என்பதால், இவர்களுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-ல் சொன்னது.

எல்லாரும் உடனே ஜீன் டெஸ்ட் எடுக்கணும்னு நான் சொல்லவில்லை. நல்ல டாக்டர் குறைவாக ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்லி, பார்த்து ஏற்றுவார். அதுவே ஏழை வீட்டு ஜீன் டெஸ்ட். சிக்கல் "மறுபடி வரச் சொல்லி" என்ற இடத்தில்தான். மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒருமுறை போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸைக் கிராமங்களுக்கு அனுப்பியது. பஸ்ஸுக்குள் வீடியோவில் சென்னை மனநல மருத்துவர், கீழே இறங்கும்போது கையில் இலவச மாத்திரை. பெரும்பாலும் தீவிர மனநோய் உள்ளவர்களுக்காக ஆரம்பித்தது. ஆனால் டோஸை ஆளைப் பார்த்து மாற்ற வேண்டும் என்றால் டாக்டர் ஆள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதை நம்ம மாவட்டத்திலேயே செய்து காட்டினார்கள். இப்போது போனில் பேச டெலி-மானஸ் இருக்கிறது, 14416, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. இந்த என்சைமை ஜீன் மட்டும்தான் நிறுத்தும் என்றில்லை. நம்ம வீடுகளில் காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை, ஒமெப்ரசோல், அதே சிப்-2சி19-ஐ அடைக்கும். எஸ்சிட்டலோப்ராமோடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 50% கூடும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கியது என்பதால் டாக்டரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டால், அதையும் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் இதே என்சைமின் இன்னொரு முகம். நம்ம அப்பாக்கள் பலர் ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு எடுக்கும் க்ளோபிடோக்ரெல்லுக்கு இது தலைகீழ்: அதை வேலை செய்ய வைப்பதே சிப்-2சி19. உடைந்த பிரதி இருந்தால் மருந்து கூடாது, குறையும். அதுவரை கேள்விகளை வாய்ஸ் நோட்டாகவே அனுப்புங்க.